எதிரில் வராதவள்

பூவராகவனுக்கு ஒரு சின்ன விஷயம் பிடிபடவில்லை. காலையில் அவன் வேலைக்குக் கிளம்பும் நேரம் பார்த்து அவன் பெண்சாதி சின்னப்பொண்ணு எங்கே மறைந்துபோகிறாள்?

அவன் கிணற்றடியில் குளித்து முடிக்கும்வரை வீட்டில்தான் இருப்பாள். அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்கும். விறகுப் புகை கூரை வழியே கசியும். அவன் சட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வரும்போது எல்லாம் தயாராக இருக்கும். சோற்றுத் தூக்கு நிலைப்படி ஓரத்தில், மூடி கழன்றுவிடாமல் துண்டு சுற்றி. பக்கத்தில் செம்புத் தண்ணீர். செருப்பு தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கும். காலை நுழைத்தால் அப்படியே நடந்துவிடலாம். ஆள் மட்டும் இருக்க மாட்டாள்.

"இன்னாமே, நான் கெளம்பறேன்" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பான். பதில் வராது. பின்பக்கம் போய்ப் பார்ப்பான். கொட்டகையில் எருமை மட்டும் தலையைத் தூக்கும். ரயிலுக்கு நேரமாகிவிடும். போய்விடுவான்.

எந்த யந்திரத்தில் கோளாறு வந்தாலும் அதைக் கண்டுபிடிக்க அவனிடம் ஒரு வழி இருந்தது. ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பான். மற்றதையெல்லாம் தொடாமல் விடுவான். அதையே இங்கேயும் செய்தான். ஒரு நாள் சீக்கிரமாகக் கிளம்பினான். அவள் இல்லை. இன்னொரு நாள் ரயில் போனாலும் போகட்டும் என்று தாமதித்தான். அப்போதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சட்டை போடாமல் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு அவன் முன்னால் பலமுறை போய் வந்தாள். வெற்றிலைகூட மடித்துக் கொடுத்தாள். கடைக்குப் போகலாம் என்று சட்டையைக் கையில் எடுத்தான். நிமிர்ந்து பார்த்தால் ஆளைக் காணோம். சட்டைக்கும் அவள் மறைவதற்கும் ஏதோ தொடர்பு உண்டு என்று மட்டும் தெரிந்தது. என்ன தொடர்பு என்று தெரியவில்லை.

அவனுக்கு வேலை கும்மிடிப்பூண்டியில், ஸ்டேஷனுக்குப் பின்னால் புதிதாக வந்திருந்த நெல் மில்லில். பர்மாவில் பார்த்த அதே ஃபிட்டர் வேலை. நெல் மில்லில் எஞ்சின் ஒன்றுதான். அது கூரைக்குக் கீழே ஓடும் ஒரு நீண்ட இரும்புத் தண்டைச் சுற்றும். அந்தத் தண்டில் வரிசையாகச் சக்கரங்கள் கோத்திருக்கும். ஒவ்வொரு சக்கரத்திலிருந்தும் ஒரு தோல் பெல்ட் கீழே இறங்கி ஒரு யந்திரத்தைச் சுற்றும்: உமி நீக்குவது ஒன்று, தவிடு எடுப்பது ஒன்று, நெல்லை மேலே ஏற்றுவது ஒன்று. பெல்ட்டை நேராகப் போட்டால் மேல் சக்கரமும் கீழ்ச் சக்கரமும் ஒரே பக்கம் சுற்றும். நடுவில் ஒரு திருகு திருகி, எட்டுப் போலக் குறுக்காகப் போட்டால் இரண்டும் எதிரெதிராகச் சுற்றும். எந்த யந்திரத்துக்கு எது வேண்டும் என்று தெரிந்து போடுவதும், பெல்ட் அறுந்தால் தைப்பதும்தான் அவன் தொழில். அத்தனை இரைச்சலுக்கும் நடுவே எந்த மூலையில் எண்ணெய் வற்றியிருக்கிறது என்று காதாலேயே சொல்லிவிடுவான். தன் வீட்டுப் பெண் எங்கே போகிறாள் என்பதைத்தான் அவனால் சொல்ல முடியவில்லை.

அவன் கப்பலேறியபோது மகள் செல்வி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். திரும்பி வந்தது அறுபத்தாறில். நடுவில் பதிமூன்று வருஷம். முதலில் ரங்கூன், பிறகு அங்கிருந்து படகில் போகும் ஓர் ஊர். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு மில் கணக்குப்பிள்ளை சாலமோன் கடிதம் எழுதிக் கொடுத்தார். பர்மாவில் ஆட்சி மாறியது. சாலமோன் முதல் கப்பல்களிலேயே கிளம்பிவிட்டார். அதோடு கடிதம் நின்றது. பின்பு மில்லைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது, வேலையும் நின்றது. அகதிகளோடு அகதியாகச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, ரயில் பிடித்து ஆரம்பாக்கம் வந்து, வரப்பு வழியாக வீட்டுக்கு வந்தான்.

சின்னப்பொண்ணு வாசலில் புழுங்கல் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். அப்படியே உள்ளே ஓடினாள். ஆரத்தி கரைக்கப் போகிறாள் என்று நினைத்து அவன் தகரப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வாசலிலேயே நின்றான். நெல்லைக் கோழி கொத்தியது, அதைக்கூட விரட்டினான். அவள் வரவே இல்லை. அடுத்த வீட்டிலிருந்து அவள் தம்பி கலியன்தான் வந்தான். வந்தவன் பேயைப் பார்த்தவன் மாதிரி தள்ளி நின்று, "மாமா, நீதானா? எங்க, நடந்து காட்டு, காலு தரையில படுதான்னு பாக்கலாம்" என்றான்.

அதற்குப் பிறகுதான் அவனுக்கு விஷயம் தெரிந்தது. மூன்று வருஷத்துக்கு முன் பர்மாவிலிருந்து பொன்னேரிக்கு வந்த ஒருவர், பூவராகவன் காலராவில் போய்விட்டதாகச் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது பொய்யில்லை. செத்தது வேறு பூவராகவன். அவனும் இந்தப் பக்கத்து ஆள்தான். பிணம் இல்லாத சாவுக்கு ஊரில் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். வைக்கோலிலும் புரச இலையிலும் ஆள் கட்டி, ஏரிக்கரையில் எரித்தார்கள். கருமாதியன்று சின்னப்பொண்ணுவின் தாலியை அறுத்தார்கள். அப்பன் இல்லாத பெண் என்று செல்விக்கு அவசரமாக ஊத்துக்கோட்டையில் கல்யாணம் நடந்தது. தாலி அறுத்தவள் பந்தலில் நிற்கக்கூடாதென்று சின்னப்பொண்ணு, மகள் கழுத்தில் தாலி ஏறும்போது சமையல் கொட்டகையில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பூவராகவனுக்கு அங்க நான்தான்டா கொள்ளி வெச்சேன், அநாதையாக் கெடந்தானேன்னு" என்றான் பூவராகவன்.

"நீ அங்க அவனுக்கு வெச்ச. ஒனக்கு இங்க நான் வெச்சேன். கணக்கு சரியாப்பூடுச்சு" என்றான் கலியன். சொல்லிவிட்டுக் குந்தி அழுதான்.

கலியன் திருவள்ளூர்க் கோயிலுக்குப் போய்ப் பராசர பட்டரைக் கேட்டு வந்தான். காரியம் செய்யப்பட்டவன் உயிரோடு வந்தால் வழி இருக்கிறது என்றார் அவர். மறுபடி பிறந்ததாகச் சடங்கு செய்து, பெயர் வைத்து, பிறகு சந்நிதியில் பெண்சாதிக்கு மறுபடி தாலி கட்ட வேண்டும். குளக்கரையில் நரைத்த தலையோடு பூவராகவன் பிறந்தான். காதில் அவன் பெயரை மூன்று முறை சொன்னார்கள். "ரெண்டு பொறப்பு மாமா ஒனக்கு. ஒண்ணு ஒங்கம்மா பெத்தது, ஒண்ணு சாமி பெத்தது" என்று கலியன் சிரித்தான். ஆனால் இரண்டாவது பாதி நடக்கவில்லை. சின்னப்பொண்ணு வரவில்லை. மஞ்சள் கயிற்றைத் துண்டில் முடிந்து அவன் திரும்பிக் கொண்டுவந்தான். அவள் வெள்ளைப் புடவையிலேயே சோறு போட்டாள். தலை நிமிர்ந்து பேசவில்லை. முன்பெல்லாம் "செல்வி நைனா" என்று கூப்பிடுவாள். இப்போது எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவன் ஒன்றும் கேட்கவில்லை. இறுகிப்போன மறையைப் பலம் கொண்டு திருகக்கூடாது. எண்ணெய் விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்று நினைத்தான்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் ஸ்டேஷன் வழியில் பாதி தூரம் போனவன், பெல்ட் தைக்கும் ஊசியை வீட்டில் மறந்துவிட்டு வந்தது ஞாபகம் வந்து திரும்பினான். சேற்றில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்ததால் சத்தம் இல்லை. வைக்கோல் போருக்குப் பின்னால், கொட்டகைச் சுவரோடு சுவராக, முதுகைக் காட்டி ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். மழை அவள் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் போயிருப்பான் என்று நினைத்து அவள் திரும்பவும், அவன் போரைச் சுற்றிக்கொண்டு வரவும் சரியாக இருந்தது. முகத்துக்கு முகம்.

"ஐயையோ!" முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "எதிர்ல வந்துட்டனே! பாவி, எதுக்குத் திரும்பி வந்த?"

"ஊசி மறந்துட்டேன். நீ இன்னாத்துக்கு மழையில நிக்கிற?"

"தாலி அறுத்த முண்ட எதிர்ல வரலாமா, மெசினாண்ட போற ஆளுக்கு? உள்ள வந்து குந்து. ரவ தண்ணி குடிச்சிட்டு அப்பறம் போ."

அவனுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிற்று. செருப்பு, செம்பு, சட்டை, எல்லாம். தான் உயிரோடிருப்பதால், அவள் தாலி அறுத்தவள் என்பது அவன் மனசில் ஏறவே இல்லை. அவளோ அவனுக்கே கைம்பெண்ணாகி, அவன் போகிற வழிக்குக் கெடுதல் வராமல் தினமும் ஒளிந்து நின்றிருக்கிறாள்.

"யாருக்கு மே தாலி அறுத்த? நான்தான் இங்க நிக்கிறனே!"

"ரயிலு வந்துரும். சண்ட வாணாம். ஒரு முழுங்கு தண்ணி குடி."

தூரத்தில் ரயில் ஊதியது. அவன் உட்காரவும் இல்லை, குடிக்கவும் இல்லை. ஊசியை எடுத்துக்கொண்டு ஓடினான். அவள் செம்பைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடிவந்தது அவனுக்குத் தெரியாது.

அன்றைக்கு மில்லில் தவிட்டு யந்திரத்தின் பெல்ட் அறுந்தது. ஓடும் பெல்ட் அறுந்தால் அதன் நுனி சாட்டை மாதிரி வீசும். இடது கையில் அடித்தது. சுண்டுவிரலும் பக்கத்து விரலும் ஒடிந்தன.

கட்டுப் போட்ட கையோடு வந்தவனைப் பார்த்துச் சின்னப்பொண்ணு அழவில்லை. களி கிண்டினாள். பர்மாவில் தின்றதாக அவன் எப்போதோ சொன்னதை நினைவு வைத்து, சுட்ட கருவாட்டை மிளகாயோடு இடித்து வைத்தாள். களியைச் சின்னச் சின்ன உருண்டையாக்கித் தட்டில் அடுக்கினாள். அவன் ஒரு கையால் எடுத்துத் தின்றான்.

"நாளைக்கு ஊத்துக்கோட்ட பஸ்ஸுல என்ன ஏத்தி உட்டுரு. செல்வி ஊட்டோட இருந்துக்கறேன்" என்றாள்.

"இன்னாத்துக்கு?"

"கைய பாத்துக்கினுதான கேக்கற?"

அவன் தட்டை நகர்த்தினான். எதையும் விளக்கிச் சொன்னால் விளங்கிவிடும் என்று நம்புகிறவன் அவன். "இத்த கேளு. பெல்ட்ட ரெண்டு நுனியும் சேத்துத் தோல் கயித்தால தைப்போம். சக்கரத்துல ஒரசற பக்கம் தையல் நேரா ஓடணும். குறுக்குத் தையலெல்லாம் மேல் பக்கம்தான் வரணும். எனக்கு முன்னால இருந்தவன் மாத்தித் தெச்சு வெச்சிருக்கான். குறுக்குத் தையலு சக்கரத்துல ஒரசி ஒரசித் தேஞ்சுப்பூட்டுது. அறுந்துது. நீ எதிர்ல வந்ததுக்கும் அதுக்கும் இன்னாமே சம்பந்தம்?"

அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "சரி, தேஞ்சுது. எத்தினி மாசமாத் தேஞ்சுது?"

"அது இருக்கும் நாலஞ்சு மாசம்."

"நாலஞ்சு மாசமா அறுந்துபோவாதது இன்னிக்கு ஏன் அறுந்துது? நீ கிட்ட நிக்கறப்ப ஏன் அறுந்துது?"

பெல்ட் எப்படி அறுந்தது என்று அவனால் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்ல முடியும். அன்றைக்கு ஏன் என்பதற்கு அவன் தொழிலில் பதில் கிடையாது.

"அப்படின்னா தாலிய கட்டிக்க" என்றான். "கயிறு என் துண்டுலதான் இருக்குது. கட்டிக்கினா நீ எதிர்ல வரலாம். ஏன்மே மாட்டேன்ற? நான் வந்தது ஒனக்குப் புடிக்கலியா?"

வெளியே மழை கொட்டியது. அவள் களிக் குண்டானைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். சுரண்ட ஒன்றும் இல்லாமல் போன பிறகும் சுரண்டினாள்.

"நீ செத்துட்டன்னு அந்த ஆளு வந்து சொன்னப்ப நான் ஒரு கேள்வி கேக்கல. எந்தப் பூவராகவன், இன்னா ஒசரம், கன்னத்துல தழும்பு இருந்துதான்னு கேட்டிருக்கலாம் இல்ல? கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். கேக்கல. கலியன்கூட அக்கா விசாரிக்கலான்னான். நான்தான் வாணான்னேன்."

"அழுதுக்கினு இருக்கறப்ப யாருக்கு அதெல்லாம் தோணும்?"

"அழுதேன். நல்லாத்தான் அழுதேன்." குண்டானைக் கீழே வைத்தாள். "அன்னிக்குப் படுத்ததும் தூங்கிப்பூட்டேன். நீ போனதுலேர்ந்து ஒரு நாளும் அப்படித் தூங்கல. தபால்காரன் சைக்கிளு, நாய் கொலைக்கறது, ரயிலு, எல்லாத்துக்கும் முழிச்சிக்கினு கெடந்த பொம்பள நான். இனிமே யாரும் வர மாட்டாங்க, காத்துக்கினு இருக்க வாணான்னு ஒடம்பு படுத்துடுச்சு. புருசன் செத்த சேதி கேட்டுத் தூங்கினவ கழுத்துல நீ இன்னாத்தக் கட்டப் போற? கட்டினா அது நிக்குமா?"

பூவராகவன் சுவரில் சாய்ந்துகொண்டான். கோபம் வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. அந்த ஓர் இரவாவது அவள் தூங்கினாளே என்று இருந்தது. அதைச் சொன்னால் அவள் இன்னும் உடைந்துபோவாள் என்று சொல்லாமல் விட்டான். மஞ்சள் கயிறு முடிந்திருந்த துண்டை மடித்துத் தகரப் பெட்டிக்குள் வைத்தான். இனி அதைப் பற்றிப் பேசுவதில்லை என்று அவளுக்கும் புரிந்தது.

மறுநாள் கலியன் வந்து பஸ் விசாரித்துவிட்டதாகச் சொன்னான். சின்னப்பொண்ணு இரண்டு புடவையை மூட்டை கட்டி வைத்திருந்தாள். பூவராகவன் அடுப்படி வாசலில் உட்கார்ந்து, நல்ல கையால் கரித்துண்டு எடுத்துத் தரையில் இரண்டு வட்டம் போட்டான். குறுக்கே எட்டுப் போல ஒரு பெல்ட் வரைந்தான். எதிரெதிர். அழித்தான். நேராக வரைந்தான். ஒரே பக்கம். அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா மாமா, இந்த வயசுல கோலம் போட்டுக்கினு குந்தியிருக்க?" என்றான் கலியன்.

"கம்முன்னு இருடா மச்சான்." அவன் உள்ளே பார்த்துக் கேட்டான். "இங்க வா மே. கெளம்பறவனுக்கு எதிர்ல வந்தாத்தான தோசம்?"

"ஆமா. அதுக்கு இன்னா?"

"ஒரே பக்கமாப் போனா? நீ முன்னால போற, நான் பின்னால வரேன். அப்ப?"

அவள் யோசித்தாள். "முன்னால போறவ மூஞ்சி எங்க தெரியப் போவுது? முதுகுதான தெரியும்."

"முதுகுக்கு தோசம் உண்டா?"

"முதுகுக்கு யாரு சொன்னாங்க?"

"நான் ஒன்னத் தாண்டிப் போயிட்டேன். நீ பின்னால நின்னு பாக்கற. அப்ப?"

"தாண்டிப் போனவன பாத்தா இன்னா வந்துச்சு. எதிர்ல வரதுதான் ஆவாது."

"சாயங்காலம் நான் திரும்பி வரேன். நீ எதிர்ல நிக்கற?"

"ஊட்டுக்கு வரவனுக்கு ஏது சகுனம்? கெளம்பறவனுக்குத்தான்." சொல்லிவிட்டு அவள் தரையிலிருந்த கரிக்கோட்டைப் பார்த்தாள். என்ன கேட்கிறான் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். கலியன் மூட்டையை எடுத்துப் பழையபடி உள்ளே கொண்டுபோய் வைத்தான்.

"நான் திரும்பிப் பாக்க மாட்டேன்" என்றாள். "நீ கூப்புட்டாக்கூட."

"கூப்புட மாட்டேன்."

கை ஆறி அவன் மறுபடி வேலைக்குப் போனபோது அப்படியே நடந்தது. ஸ்டேஷனுக்கு முன்னால் இருக்கிற கழனிகளில் அவள் களை எடுக்கப் போகிறவள்தான். வரப்பு ஒரு ஆள் நடக்கிற அகலம். யாராக இருந்தாலும் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டும். அவன் உள்ளே சட்டை மாட்டும்போது அவள் சோற்றுத் தூக்கோடு வாசலில் இறங்கி, தெருவைப் பார்த்து நிற்பாள். அவன் செருப்புச் சத்தம் கேட்டதும் நடப்பாள். முதல் பாதி வழி அவன் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு போவான். களை எடுக்கும் கழனி வந்ததும் தூக்கை வரப்பில் வைத்துவிட்டு, ஓரமாக இறங்கி, நாற்றைப் பார்த்து நின்றுகொள்வாள். அவன் தூக்கை எடுத்துக்கொண்டு அவளைத் தாண்டிப் போவான். தாண்டிய பிறகு அவள் திரும்பி, ரயில் வரும்வரை அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவன் திரும்பிப் பார்ப்பதில்லை. சாயங்காலம் அவன் வரும்போது அதே வரப்பில் அவள் எதிரே வருவாள்.